பதினான்கு டோரன்ஸ்கள்

டோரன்ஸ் ப்ரூஸ்கி என்ற பெயரை எங்கள் ஊரில் எந்தக் கவுண்டரில் சொன்னாலும் எதிரே இருப்பவர் முதலில் சிரிப்பார், பிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்பார். வங்கியில் சிரித்தார்கள். பல் டாக்டர் சிரித்தார், அதுவும் இவள் வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடக்கும்போது. நாற்பது வயதாகிவிட்டது, நகராட்சியின் பனி தள்ளும் லாரியைப் பதினெட்டுக் குளிர்காலமாக ஓட்டுகிறாள், இன்னும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விடுகிற ஆளா அவள்?

ஒருநாள் மதுக்கடையில் ஒருவன் இவள் பெயரைக் கேட்டதும் மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "ஐயோ, டோரன்ஸா! அந்த உப்பு டப்பாவை எடுத்துக் குடு தாயி, ஆனா எறிஞ்சிடாத. எதிராளி கைக்குப் போயிடும்!"

"உன்கிட்ட எறிஞ்சா மட்டும் பிடிச்சுக் கிழிச்சிடுவியா? பீர் கிளாஸையே ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க," என்றாள் டோரன்ஸ். கடையே அவன் பக்கம் திரும்பிச் சிரித்தது.

இந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்றால், 1983-க்குப் போக வேண்டும். எங்கள் ஃபுட்பால் அணிக்கு ஸ்டோக்கர்ஸ் என்று பெயர்; காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை, பந்தைக் கையால் எறிந்து ஆடுகிற அமெரிக்க ஃபுட்பால். ஈரி ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகாதவன் இருப்பான், ஸ்டோக்கர்ஸ் ஆட்டம் பார்க்காதவன் இருக்கமாட்டான். அந்த வருடம் அணிக்கு ஒரு குவார்ட்டர்பேக் வேண்டியிருந்தது. பந்தை வாங்கி, எதிராளிகள் மேலே வந்து விழுவதற்குள் யாருக்கு எறிவது என்று மூன்று நொடியில் முடிவு செய்கிறவன் அவன்தான். அவன் சரியாக அமைந்தால் ஊருக்குத் திருவிழா, அமையாவிட்டால் இழவு. கல்லூரிகளிலிருந்து நல்ல பையன்கள் நான்கு பேர் வெளியே வந்திருந்தார்கள். அந்த நால்வரையும் விட்டுவிட்டு, அணியின் முதலாளியான மெத்தைக் கம்பெனிக்காரர் டோரன்ஸ் பைக் என்ற பையனைப் பொறுக்கினார். ஏனாம்? ஓட்டல் வாசலில் நின்றபடி அந்தப் பையன் எதிர்க் கட்டடத்து மொட்டைமாடிக்குப் பந்தை எறிந்ததைத் தன் ஜன்னலிலிருந்து பார்த்தாராம். ஆட்டத்தில் மொட்டைமாடி எங்கே ஐயா வருகிறது என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

வாய் வராமல் போனதற்குக் காரணமும் உண்டு. முதல் ஆட்டத்திலேயே பைக் எறிந்த நான்கு பந்துகள் எல்லைக்கோட்டைத் தாண்டி நான்கு டச்டவுன் ஆயின. ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரே ஒரு ஆட்டம்! அந்த ஒரு வாரத்தில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தைகளில் பதினான்குக்கு டோரன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பதின்மூன்று ஆண் குழந்தைகள். பதினான்காவது கஸிமிர் ப்ரூஸ்கியின் மகள்.

கஸிமிர் அச்சுத் தொழிற்சாலையில், அதாவது லாரிகளுக்குச் சக்கர அச்சு செய்யும் இடத்தில், வேலை பார்த்தவர். பிறப்பது டோரன்ஸ்தான் என்று மதுக்கடையில் எல்லோர் முன்னாலும் சவால் விட்டிருந்தார். பிறந்தது பெண். அம்மா லோரெய்ன் இரீனா என்ற பெயரை ஆறு மாதமாக மனதில் வைத்திருந்தாள். அவள் அசந்து தூங்கிய நேரத்தில் கஸிமிர் பிறப்புப் பதிவு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல வந்து உட்கார்ந்துகொண்டார். லோரெய்ன் அவரோடு பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் பேசியதற்கு, பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவரே பிற்பாடு சொன்னார்.

அதற்குள் மூன்றாவது ஆட்டமும் வந்துவிட்டது. குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவர்போல நின்று காக்க வேண்டிய தடியன்களில் ஒருவனுக்கு முட்டி உடைந்தது, இன்னொருவன் சம்பளத் தகராறில் கிளம்பிப் போனான். அவர்கள் இடத்துக்கு ஆள் வாங்கவில்லை முதலாளி. தனக்கு மைதானத்துக்கு மேலே வெந்நீர்க் குழாய் ஓடும் கண்ணாடி அறை கட்டிக்கொண்டார். இரண்டு வருடத்தில் மூன்று கோச்சுகளை மாற்றினார். ஒவ்வொரு கோச்சும் ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்து, முன்னது எல்லாவற்றையும் மற என்றான். அந்த இரண்டு வருடத்தில் பைக்கை எண்பத்தொரு முறை தரையில் சாய்த்தார்கள். கடைசியில் பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எல்லாம் அவனால்தான் என்றார்கள். ஊரும் ஆமாம் என்றது. ஊருக்கு என்ன, திட்ட ஒரு பெயர் கிடைத்தால் போதும்.

அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? அடுத்தவனை ஆறு பேரைக் கொடுத்து வாங்கினார்கள், அவனுக்கு முட்டி ஏற்கெனவே போயிருந்தது. அதற்கடுத்து வந்தவர் ஓய்வு பெறத்தான் எங்கள் ஊருக்கு வந்தார். ஒரே ஒருவன் உருப்படியாக இருந்தான். அவனை விற்றார்கள், அவன் மறுவருடமே வேறு ஊருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தான். நாற்பது வருடத்தில் முப்பத்தாறு குவார்ட்டர்பேக்குகள். இருந்தும் கேலி என்று வந்தால் பைக்தான். முப்பத்தைந்து பேர் தப்பித்துக்கொண்டார்கள், ஏனென்றால் அவர்கள் பெயரில் நடமாட ஊரில் யாரும் இல்லை.

டோரன்ஸ் மூன்றாம் வகுப்பில் மூன்று பையன்களை அடித்தாள். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் லோரெய்ன் கேக்கோடு பெயர் மாற்றும் விண்ணப்பத்தையும் மேசையில் வைப்பாள். "இரீனான்னு மாத்திடலாம்டி. எவ்வளவு அழகான பேரு. ஒரு கையெழுத்துதானே?"

"வேண்டாம்."

"ஏன்டி இப்படிப் பிடிவாதம்?"

"அவனுங்க சிரிக்கிறானுங்கன்னு நான் மாத்தினா, அவனுங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடும்மா."

அப்போது அது வெறும் வீம்பு. வீம்புக்குக் காரணம் கிடைத்தது பதினோரு வயதில். அடித்தளத்து அறையில் கஸிமிர் பைக் ஆடிய ஆட்டங்களை எல்லாம் வீடியோ டேப்பில் வைத்திருந்தார். சளி பிடித்து வீட்டில் கிடந்த ஒரு வாரத்தில் டோரன்ஸ் அத்தனையையும் பார்த்தாள். யாரைப் பார்த்து ஊர் சிரிக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் போட்டாள். பார்த்தால், ஒருவனும் காக்காத ஒரு பையன். பந்தை வாங்குகிறான், மூன்று நொடி எங்கே, ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை, மூன்று பேர் மேலே விழுகிறார்கள். அவன் எழுந்திருக்கிறான். தலைக்கவசத்தைச் சரி செய்துகொள்கிறான். மறுபடி போய் நிற்கிறான். டோரன்ஸ் நோட்டில் கோடு போட்டு எண்ணினாள். எண்பத்தொன்று விழுந்தது, எண்பத்தொன்று எழுந்தது.

கடைசி டேப் ஓடும்போது கஸிமிர் வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். கொட்டும் பனியில் நடந்த ஆட்டம் அது. இருக்கைகளிலிருந்து நம் ஊர்க்காரர்களே நம் குவார்ட்டர்பேக் மீது பனியை உருட்டி எறிந்துகொண்டிருந்தார்கள். ஒரு பனி உருண்டை பைக்கின் தலைக்கவசத்தில் பட்டுச் சிதறியது. அவன் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான்.

"அது நான்," என்றார் கஸிமிர்.

"எது?"

"அந்த உருண்டைம்மா. முப்பத்தொண்ணாம் பகுதி, ஒன்பதாவது வரிசை. அவன் என்னைத்தான் பாத்தான். உனக்கு அவன் பேரை வச்சிட்டு, அவன்மேலயே எறிஞ்சேன். ஏன்னு கேக்காத. எல்லாரும் எறிஞ்சாங்க."

அவள் அப்பாவோடு அன்று சாப்பிட மறுத்துவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து பெயரைக் கேட்டால் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

தொண்ணூற்றாறில் அச்சுத் தொழிற்சாலையை மூடினார்கள். கஸிமிர் முப்பத்தொன்றாம் பகுதியின் இரண்டு இருக்கைகளையும் விட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவருடைய அப்பா காலத்திலிருந்து வந்த இருக்கைகள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கார் கொட்டகைக்குள் ரேடியோவோடு உட்கார்ந்துகொள்வார். மைதானத்தின் பக்கமே போகவில்லை. லோரெய்ன் இறந்த வருடத்தில்கூட, அடக்கம் முடிந்த ஞாயிறு அந்தக் கொட்டகையில்தான் இருந்தார். அவர் அதைப் பற்றிக் குறைப்பட்டதே இல்லை, அதுதான் டோரன்ஸுக்குப் பொறுக்கவில்லை.

போன வருடம் ஆகஸ்டில் அணியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. புதிய நிர்வாகமாம். ஜாக்ஸ்டன் கேல் என்று ஒரு புதுப் பையனைப் பிடித்திருந்தார்கள், இன்னும் ஒரு நிஜ ஆட்டம்கூட ஆடவில்லை. அக்டோபரில், ஆட்டத்தின் இடைவேளையில், நாற்பது வருடச் சாபத்தைக் கழிக்கும் விழா. பதினான்கு டோரன்ஸ்களும் மைதானத்தின் நடுவே வந்து நின்று, நீதிபதி முன்னால் தங்கள் பெயரைச் சட்டப்படி ஜாக்ஸ்டன் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். செலவு அணியுடையது. அதற்குப் பரிசு, ஆயுள் முழுக்க ஆளுக்கு இரண்டு இருக்கை, எந்தப் பகுதி என்று அவர்களே சொல்லலாம்.

நீங்களே சொல்லுங்கள், ஒரு ஆட்டத்தைப் பார்த்துப் பெயர் வைத்து ஏமாந்த ஊர், ஆட்டமே பார்க்காமல் மறுபடி பெயர் வைக்கக் கிளம்புமா? கிளம்பியது. மற்ற பதின்மூன்று பேரும் ஒரே வாரத்தில் சரி என்று எழுதி அனுப்பினார்கள்.

டோரன்ஸ் கடிதத்தை அப்பா வீட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டாள். மறுநாள் அது அவருடைய சமையல் மேசையில், காபிக் கறையோடு, தட்டி நீவி வைக்கப்பட்டிருந்தது.

"குப்பையைக் கிளறுற வேலை எப்பலேருந்து?" என்றாள்.

"சும்மா படிச்சேன். எனக்காக நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்." கஸிமிர் கடிதத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். "எந்தப் பகுதி வேணும்னாலும் கேக்கலாமாம், இல்ல?"

எழுபத்தெட்டு வயது. இன்னும் எத்தனை குளிர்காலம் என்று அவளுக்குத் தெரியாதா? அன்றைக்கே கையெழுத்துப் போட்டாள். இருக்கை என்ற இடத்தில் முப்பத்தொன்று, ஒன்பதாவது வரிசை என்று எழுதினாள். எழுதி முடித்ததும் லாரிக் கொட்டகைக்குப் போய், ஒரு காரணமும் இல்லாமல் மெக்கானிக்கைத் திட்டினாள்.

அக்டோபர் ஞாயிறு. ஜாக்ஸ்டன் கேல் அதற்குள் மூன்று ஆட்டம் ஜெயித்திருந்தான், மைதானத்தில் அறுபதாயிரம் பேர். இடைவேளையில் பதினான்கு பேரையும் வரிசையாக நிறுத்தினார்கள். தீயணைப்புக்காரன், பஸ் ஓட்டும் டோரன்ஸ் மேக்கி, பள்ளிக்கூட வாத்தியார், ஃப்ளோரிடாவுக்குக் குடிபோன ஒருவன், எல்லோரும். கஸிமிர் தன் பழைய ஆரஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டு மகள் பக்கத்தில் நின்றார். முப்பத்தொன்றாம் பகுதியை அண்ணாந்து பார்த்துக் கணக்காக ஒன்பதாவது வரிசையைக் கண்டுபிடித்துவிட்டார். சின்னப் பிள்ளை மாதிரி அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

அப்போது பெரிய திரையில் படம் ஓடத் தொடங்கியது. டோரன்ஸ் பைக் விழுகிறான், ஒரு வாத்துச் சத்தம். மறுபடி விழுகிறான், மணிச் சத்தம். அறுபதாயிரம் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டோரன்ஸுக்கு ஒவ்வொரு விழுகையும் மனப்பாடம். இது நவம்பர், இது அந்தச் சகதி ஆட்டம், இது இடது தோள். ஒவ்வொன்றிலும் அவன் முதுகு தரையில் பட்டதும் வெட்டியிருந்தார்கள். அதற்கடுத்த நொடியில் அவன் எழுந்திருப்பான். ஒன்றில்கூட அதை விட்டுவைக்கவில்லை. கடைசியாகப் பனி உருண்டை வந்தது. தலைக்கவசத்தில் சிதறியது. பக்கத்தில் கஸிமிர் தலை குனிந்துகொண்டார்.

நீதிபதி கறுப்பு அங்கிக்கு மேல் அணியின் மப்ளரைச் சுற்றியிருந்தார். ஒவ்வொருவரிடமும் மைக்கை நீட்டிக் கேட்டார், முழுச் சம்மதத்தோடுதான் பெயரை மாற்றுகிறீர்களா என்று. சம்மதம், கைதட்டல். சம்மதம், கைதட்டல். ஒன்பதாவதாக அவர் நம் டோரன்ஸிடம் வந்தார்.

"முழுச் சம்மதத்தோடதானே?"

"இல்ல," என்றாள் டோரன்ஸ்.

நீதிபதி சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டார். அவள் அவர் கையிலிருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இல்லன்னு சொன்னேன். அந்தப் பையனைப் பொறுக்கினது யாரு? நானா, அவனா? காவலுக்கு ஆள் வாங்காம கண்ணாடி ரூம் கட்டினது யாரு? ரெண்டு வருஷத்துல மூணு கோச்சு மாத்தினது யாரு? அவன் எண்பத்தோரு தடவை எந்திரிச்சான்யா! அதை வெட்டிட்டு வாத்துச் சத்தம் போடுறீங்க, வெக்கமா இல்ல? சாபம் எங்க பேருல இல்ல, ஆள் பொறுக்கிற உங்க ரூம்ல இருக்கு. பேரை மாத்தணும்னா முதல்ல உங்க அணி பேரை மாத்துங்க!"

விழாவை நடத்திய பெண் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினாள். பிறகு மேலே எங்கோ ஒருவன் ஊ என்றான், அப்புறம் ஒரு பகுதி, அப்புறம் அறுபதாயிரம் பேரும். பைக்கைப் பார்த்து ஊளையிட்ட அதே ஊளை. கத்தட்டும் என்று டோரன்ஸ் நின்றாள். அப்பா முகத்தைப் பார்க்கத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை, ஏனென்றால் அந்த இரண்டு இருக்கையும் போய்விட்டது.

கஸிமிர் அவள் கையை விட்டார். நாலு எட்டு முன்னால் போனார். இரண்டு உள்ளங்கையையும் வாயருகே குவித்து, முப்பத்தொன்றாம் பகுதியைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து ஊஊஊ என்று கத்தினார். தன் சொந்த வரிசையைப் பார்த்து. அறுபதாயிரம் பேரைப் பார்த்து ஒற்றைக் கிழவர். மூச்சு முட்டியதும் நிறுத்தி, இன்னொரு மூச்சை இழுத்து மறுபடி கத்தினார். காவலர்கள் இரண்டு பேரையும் வெளியே கொண்டுபோய் விடும்வரைக்கும் அவர் ஓயவில்லை.

காரில் ஏறினார்கள். "இருக்கை போச்சுப்பா," என்றாள் டோரன்ஸ். "மன்னிச்சுக்க."

"அந்த இருக்கையில உக்காந்துதானேடி எறிஞ்சேன்." அவர் தன் வலது தோளைத் தடவிக்கொண்டார். தொண்டை கட்டியிருந்தது. "நாப்பது வருஷமா உறுத்திக்கிட்டே இருந்துச்சு, இன்னைக்குத்தான் விட்டுச்சு. சரி, பசிக்குது. எங்கயாவது நிறுத்து, சாஸேஜ் தின்னலாம். கடுகு நிறைய வைக்கச் சொல்லு."

மற்ற பதின்மூன்று பேர் ஜாக்ஸ்டன் ஆனார்கள். நாற்பது வயதில் ஜாக்ஸ்டன்! ஊர் ரேடியோவில் இரண்டு வாரம் டோரன்ஸைத் திட்டினார்கள், லாரிக் கண்ணாடியில் முட்டை அடித்தார்கள். அவள் துடைத்துவிட்டு ஓட்டினாள். நவம்பரில் ஜாக்ஸ்டன் கேல் இரண்டு ஆட்டம் தோற்றான். இரண்டே இரண்டு. நிர்வாகத்துக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தொன்பது வயதுக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தினார்கள், பையனைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். சீசன் முடிந்ததும், இரண்டு தடியன்களை வாங்கிக்கொண்டு அவனை மேற்குக் கடற்கரைக்குத் தள்ளிவிட்டார்கள். எல்லாம் அவனால்தான் என்றார்கள். ஊரும் ஆமாம் என்றது.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை காலை, முந்தின நாள் விழுந்த பனி முழங்கால் உயரம் கிடந்தது. நீதிமன்ற வாசலை ஒன்பது மணிக்குள் சுத்தம் செய்யச் சொல்லி டோரன்ஸுக்கு உத்தரவு. லாரியைத் திருப்பிக்கொண்டு வந்தவள் பிரேக்கை அழுத்தினாள். படிக்கட்டில் ஒரு வரிசை நின்றுகொண்டிருந்தது. தீயணைப்புக்காரன், மேக்கி, வாத்தியார், ஃப்ளோரிடாக்காரன்கூட விமானம் ஏறி வந்திருந்தான். பதின்மூன்று பேர். கையில் ஆளுக்கொரு விண்ணப்பம். பழைய பெயர் வேண்டுமானால் ஆயுள் இருக்கையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அணி சொல்லியிருந்தது. கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டோரன்ஸ் ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டினாள். தெரு முழுக்கக் கேட்க வேண்டும் என்று வாய்விட்டுக் கூப்பிட்டாள்.

"ஏய், டோரன்ஸ்!"

நீதிபதி இன்னும் ஒரு கையெழுத்தும் போடவில்லை. பதின்மூன்று தலையும் திரும்பின.